குட்டிக்கு ஒரு பொட்டு

கூடுவிட்டுக் கூடு பாய்வது கதைகளில் எளிது. டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த வீட்டில், விநாசித்தம்பி தாமே பாகம் பாகமாகப் பூட்டிய கணினிக்குள் பழைய இயங்குதளம் ஒன்று புக மறுத்தது. புது மதர்போர்டு அதை ஏற்கவில்லை. மறைந்த மகள் வரைந்த படங்களோ அந்தப் பழைய இயங்குதளத்தில் மட்டுமே திறக்கும்.

"பொட்டு வைக்காம பூட்டினீங்க, எப்படி ஓடும்லா?"

"இது என்ன புதுக் காரா?"

மனைவி கனகேஸ்வரி சந்தனம் இழைக்கச் சமையலறைக்குப் போனாள்.

முன்பெல்லாம் பொட்டிடுவது மகளின் வேலை. எந்தப் பொருளானாலும் பெரிய பொட்டுக்குக் கீழே, "இது அதோட குட்டிக்கு" என்று சுண்டுவிரலால் இன்னொன்று வைப்பாள்.

விநாசித்தம்பி மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். காலையில் அவரே உறை பிரித்துப் பொருத்திய மதர்போர்டின் நடுவே ஈரச் சந்தனப் பொட்டு. அதன் கீழே சிறிதாக இன்னொன்று.

சமையலறையில், சந்தனக்கட்டை கல்லில் உரசும் ஓசை அப்போதுதான் தொடங்கியது.