ஒரு கட்டம் குறைகிறது

"மறுபடியும் கோணல், வெர்லீன்! பிரிச்சுட்டுத் தை."

"மூணாவது தடவையா பிரிக்கறேன் அக்கா. விரலெல்லாம் பொத்தலாயிடுச்சு."

அலபாமாவில், எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பழைய துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வேறு யாராவது இப்படித் தைத்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். இவள் போன மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, மூட்டை நிறைய ஆண்பிள்ளைச் சட்டைகளோடும் வீங்கிய கண்களோடும் வகுப்புக்கு வந்தவள். எங்கள் பக்கம், புருஷனைப் புதைத்த பிறகுதான் அவன் சட்டையில் கத்தரி வைப்போம். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாறுமாறாக வெட்டி வீணாக்கியதில், கடைசியில் ஒரு கட்டத்துக்குத் துணி இல்லை.

"வேற சட்டை இல்லியா?"

"மொத்தத்தையும் வெட்டிட்டேன் அக்கா."

"ஞாபகத்துக்கு ஒண்ணாவது வெச்சிருக்கக் கூடாதா, பொண்ணே?"

அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

கதவு படாரென்று திறந்தது. நீலச் சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்தான்.

"வெர்லீன்! அலமாரி காலியா கெடக்கு. என் சட்டையெல்லாம் எங்கடி?"

எட்டுப் பெண்களின் ஊசிகளும் நின்றன.

"யாரு இது?" என்றேன்.

"என் புருஷன். போன மாசம் கட்டின துணியோட இன்னொருத்தி வீட்டுக்குப் போனவரு. மிச்சத்தை எடுக்க இப்பதான் வந்திருக்காரு."

ஒரு மாதமாக நான் விழுங்கிய திட்டெல்லாம் தொண்டைக்கு ஏறியது. அவளை முறைத்தேன். அவனை முறைத்தேன். பிறகு குறையாய்க் கிடந்த போர்வையைப் பார்த்தேன்.

கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீலம் பொருத்தமாத்தான் இருக்கும். கழட்டுப்பா."