யாருக்குக் குறைஞ்சுது?

கம்பெனி வாசலில் புதுசாக எழுதியிருந்த போர்டைப் பார்த்ததும் வக்கீலுக்குச் சுருக்கென்றது.

'இங்கு சராசரிச் சம்பளம் மாதம் 31,000.'

போன வருஷம் அதே இடத்தில் 48,000 என்று இருந்தது.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் இல்லை. அட்டைப்பெட்டி கம்பெனியில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். அடுத்தவர் வம்பையெல்லாம் தன் வழக்காக எடுத்து வாதாடுவதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்த 48,000 அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அவர் வாங்கியதோ இருபத்தைந்து. போர்டைப் படித்துவிட்டு மச்சான் கைமாற்றுக் கேட்டு வந்தார். இல்லையென்றதும், "மனசு இருந்தா மார்க்கம் உண்டு மச்சான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரி, "மீதி எங்க போகுது?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மற்றவர்களெல்லாம் வாரிக் கட்டுகிறார்கள், நாம்தான் ஏமாந்த சோணகிரி என்று அவரும் நினைத்துக்கொண்டார். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

இந்த மாதம் அவருக்கு இரண்டாயிரம் கூடியிருந்தது. சந்தோஷமாகத்தான் வேலைக்கு வந்தார். இப்போது போர்டு முன்னால் நின்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார்.

'எனக்குக் கூடியும் சராசரி குறையுதுன்னா, யாரோ ஒருத்தர் வயித்துல அடிச்சுத்தானே எனக்குக் கொடுத்திருக்காங்க?'

நேரே பசை மெஷின் அக்காவிடம் போனார்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. உங்க சம்பளத்துல கை வச்சுட்டாங்களா?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டாயிரம் கூட வந்திருக்கு. வெளியில சொல்லிடாதீங்க. எனக்கு மட்டும்தான்னு நினைக்கிறேன்."

லாரி டிரைவரைக் கேட்டார்.

"எனக்கும் கூடிச்சு வக்கீலே. கண்ணு பட்டுடும்னு வாயைத் திறக்கலை."

வாட்ச்மேன் கேள்வியை முடிக்கவே விடவில்லை. "தெரிஞ்சுபோச்சா? எங்க வீட்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. உங்களுக்கு யார் சொன்னது?"

இப்படியே ஒவ்வொருவராக. அத்தனை பேருக்கும் கூடியிருந்தது. அத்தனை பேரும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். கடைசியில் கணக்கர்தான் பாக்கி.

"எனக்கும் ஏறிடுச்சு" என்றார் கணக்கர், நாற்காலியில் நெளிந்தபடி. "இதுக்கு மேல கேட்காதீங்க. சொல்லக் கூடாதுன்னு முதலாளியம்மாவோட உத்தரவு."

அவ்வளவுதான். வக்கீல் போய் கட்டிங் மெஷினை நிறுத்தினார். எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"நம்மள்ல யாருக்கோ பெரிய அடி. வெளியில சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, தனக்கும் கூடிச்சுன்னு பொய் சொல்லிக்கிட்டு நிக்கிறாங்க. யாருன்னு கேட்டு அவங்க மானத்தை வாங்க வேண்டாம். ஆனா அடுத்தவங்க தட்டுல எடுத்து நம்ம தட்டுல போட்டா, அந்தச் சோறு இறங்குமா?"

"இறங்காது" என்றாள் அக்கா. டிரைவர் லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

சத்தம் நின்றதும் முதலாளியம்மா தன் அறைக் கதவைத் திறந்தாள். எல்லோரும் உள்ளே போனார்கள். இடம் போதாமல் வாட்ச்மேன் வாசலிலேயே நின்றார்.

"என்ன வக்கீல், இன்னிக்கு யாரோட கேஸ்?"

"யாருன்னு தெரியாதும்மா. ஆனா ஒருத்தருக்குச் சம்பளம் குறைஞ்சிருக்கு. எங்களுக்குக் கொடுத்த ரெண்டாயிரத்தை நீங்களே எடுத்துக்கோங்க. அந்த ஆளுக்குப் பழைய சம்பளத்தைப் போடுங்க. அதுவரைக்கும் மெஷின் ஓடாது."

"அந்த ஆள் வந்து முறையிடவே இல்லையே."

"பயந்த சுபாவமா இருக்கும். வாயில்லாப் பூச்சின்னா என்ன வேணா செய்யலாமாம்மா?"

கணக்கருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நானே சொல்லிடட்டுமா?"

அவள் கையமர்த்தினாள்.

"ஆர்டர் சரிபாதியா விழுந்திடுச்சு வக்கீல். ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு கணக்கர் சொன்னாரு. எனக்கு மனசு வரலை. விலைவாசி வேற ஏறுது, உங்களுக்கும் ஏதாவது செய்யணும். பார்த்தேன். இங்க பெரிய சம்பளம் ஒண்ணே ஒண்ணுதான். உங்க சராசரியை இத்தனை வருஷம் தூக்கிப் பிடிச்சதும் அந்த ஒரு சம்பளம்தான். அதுல முக்கால்வாசியை வெட்டிட்டேன்."

"முக்கால்வாசியா?" வக்கீலின் குரல் உடைந்தது. "யாரும்மா அந்தப் பாவப்பட்ட மனுஷன்?"

"மனுஷன் இல்லை, மனுஷி" என்றாள் முதலாளியம்மா. "எனக்காக இத்தனை பேர் மெஷினை நிறுத்துவீங்கன்னு நான் கனவுல கூட நினைக்கலை. ரொம்ப சந்தோஷம்; இப்ப தயவுசெஞ்சு போய் ஓட்டுங்க."