ஏழாம் பாத்தி

அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்த கூட்டுத் தோட்டத்தில் ஏழாம் பாத்தி மகளுடையது. ஆறு மாதம் கவனிக்காவிட்டால் பாத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிடுங்கினார்கள் என்ற பேச்சு வருவதற்குள் தானே ஒப்படைத்துவிடலாம் என்று, பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா அன்று காலை போனார்.

மண் ஈரமாக இருந்தது. தக்காளிச் செடிகளுக்குப் புதுக் குச்சி நட்டுக் கட்டியிருந்தது.

"பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும் சார்," என்றாள் பக்கத்துப் பாத்தித் தையல்காரம்மா. "வெளிநாட்டுல இருந்து வந்ததும் வராததுமா மண்ணுல கைய வெச்சுட்டா. நீங்க ஒரு வார்த்தை சொல்லலியே!"

வீட்டைவிட்டுப் போன மகள் வேற்றூரில் இறந்ததும், அவர் தனியாகப் போய் எரியூட்டிவிட்டு வந்ததும் அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். குடும்ப மானம் கப்பலேறக் கூடாதென்று, வெளிநாட்டில் வேலை என்று ஊர்வாயை அடைத்தவர் அவர்தான்.

"என் மகதானா? நல்லாப் பார்த்தீங்களா?"

"என்ன சார், இப்பக்கூட அரைமணி நேரம் பேசிட்டுத்தானே போறா! கொஞ்சம் இளைச்சுட்டா. சோத்தைப் போடுங்க."

மற்ற பாத்திக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமா. லீவுல வந்திருக்கா."

வீடு திரும்பியபோது மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மண்ணைக் கழுவிட்டு வரேன்னு போயிருக்கா," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல். "அவ வந்துட்டான்னு எல்லார் முன்னாடியும் நீங்களே சொன்னீங்களாமே."