அடுக்கிய படம்

ஏலகிரியில், விண்மீன்களைப் படமெடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு நூறு மங்கலான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு தெளிவான படமாக்கக் கற்றுத் தருபவள் பவதாரணி. குடும்பநல நீதிமன்றமும் இப்போது அதே முறைக்கு வந்திருந்தது. வீட்டுச் சுவர்க் கேமரா ஓராண்டில் எடுத்தவற்றை அடுக்கினால் கிடைக்கும் ஒற்றைப் படம்தான் சாட்சி.

அவளுடைய விவாகரத்து வழக்கில் அந்தப் படம் திரையில் வந்தது. சோபாவில் கணவன் கிஷோரும் அவளும் அமைதியாக அமர்ந்திருந்தார்கள்.

“இவர் என் கையை உடைச்ச நாள் எங்க மேடம்?” என்றாள். மணிக்கட்டுக்குள் இன்னும் தகடு இருந்தது.

“ஒண்ணு ரெண்டு படத்துல மட்டும் இருக்கறதைப் பிழைன்னு அடுக்கற சாஃப்ட்வேரே நீக்கிடும்மா. உங்களுக்குத் தெரியாததா?” என்றார் நீதிபதி.

தெரியும். வானத்தில் விமானம் இழுத்த கோட்டை அப்படித்தான் அவள் அழிக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

“அப்ப எத்தனை நாள் அடிச்சா மேடம் படத்துல வரும்?”

நீதிபதி கோபப்படவில்லை. உதவியாளரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: “வருஷத்துல பாதி நாளுக்கு மேல இருக்கணுமாம்.”

மனு தள்ளுபடியானது. நீதிபதி சொன்னதைக் கிஷோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.