புதிய நீதிபதியின் குரல்

விதுஷாவை ஒரு வார்த்தைகூடப் பேசவிடாமல், குழந்தையைக் கணவனிடம் கொடுக்கப் பார்த்த நீதிபதியை, அவளுடைய முறைப்பாட்டுக்குப் பிறகு பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று புதியவருக்கு முன்னால் வழக்கின் முதல் தவணை.

"பயப்படாத அக்கா," என்றான், உக்குவளையிலிருந்து கூடவே வந்த தம்பி இந்திரகுமார். "அந்தப் பழைய ஆளோட கெழட்டு இருமல் இனிமே கேக்காது. நீ முழுசா பேசு."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். இளைஞரான புதியவர் வந்து உட்கார்ந்தார். இருமினார். பிறகு பழையவரின் கரகரத்த குரலில், சிங்களத்தில் கேட்டார்.

"தோட்டத்து லயக் காம்பராவில், ஒரே அறைக்குள், பிள்ளை எப்படி வளரும்?"

இந்திரகுமார் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். மன்றத்தில் வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று விதுஷா தொடங்கினாள்.

அவள் விரலைப் பிடித்திருந்த நான்கு வயது மகள், மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே நடந்துபோய், எதிர்ப்பக்கம் நின்றிருந்த தகப்பன் பக்கத்தில் நின்றாள்.