நிழல் நகர்ந்த மாடி

விளாங்குடி வீட்டு மொட்டைமாடியில் செவலை ஒருக்களித்துக் கிடக்கிறது. நாக்கு சுடுதரையில் ஒட்டியிருக்கிறது. நாலு காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. காலையில் காதுகுத்துக்குக் கிளம்பும்போது விருமாண்டி நிழல் பார்த்துத்தான் நாயைத் தண்ணீர்த்தொட்டி ஓரமாகக் கட்டிவிட்டுப் போனார். இப்போது நிழல் தொட்டிக்கு மறுபக்கம் கிடக்கிறது. சங்கிலி அதுவரை எட்டாது. நாய்க்கென்று விருந்திலிருந்து கொண்டுவந்த எலும்புப் பொட்டலம் மாடிப்படியில் எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது. மாடிக் குழாயில் வெந்நீராய் வருவதால், மகள் தாமரைச்செல்வி பட்டுச்சேலையோடு கீழேயிருந்து குடம் தூக்கிவந்து அதன் வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றுகிறாள். “வாயில எதையும் ஊத்திராதீங்க. ஒடம்ப நனைச்சு விசிறிக்கிட்டே இருங்க, வந்துக்கிட்டே இருக்கேன்” என்கிறார் செல்போனில் கால்நடை மருத்துவர். விருமாண்டி மாடிக்கதவுச் சாவிக்கொத்தைச் செவலையின் முன்னங்காலில் வைத்து அழுத்துகிறார். “வலிப்புத்தான்த்தா. இரும்பு குடுத்தா நின்னுரும்.” “இது வெக்கைப்பா! விசிறுங்க!” அவர் ஒரு கையால் காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து விசிறுகிறார், மறுகை சாவியை விடவில்லை. மெல்ல மெல்லக் கால்களின் இழுப்பு அடங்குகிறது. “பாத்தியாத்தா, நின்னுருச்சு!” அவர் முகம் தெளிகிறது. தாமரைச்செல்வி குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். விரல் மடங்காத பாதத்திலிருந்து சாவிக்கொத்து நழுவி ஈரத்தில் விழுகிறது. அவர் அதை எடுத்து மறுபடியும் வைக்கிறார்.