பளபளப்பு

“இதை இப்படித் தேய்ச்ச புண்ணியவான் யாரு?”

கேட்டவர் ஹார்லன் ஸ்ட்ரவுட். பழைய ரிவால்வர் சேகரிப்பவர்களுக்கான மாத இதழில் பத்தி எழுதுகிறவர். என் கணவர் கிளைட் பதினோரு வருஷமாக அதை வரிவரியாகப் படித்து, மாதம் தவறாமல் பாராட்டிக் கடிதம் போடுகிறவர். எனக்கு அவர் எழுதியது மொத்தமே இரண்டு.

‘டல்சா நகரத் துப்பாக்கிக் கண்காட்சியில் உங்கள் மேஜைக்கு வருகிறேன். பிடித்தால் அடுத்த இதழில் எழுதுகிறேன்’ என்று ஸ்ட்ரவுட் பதில் போட்டதிலிருந்து கிளைடுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஆனால் மேஜையில் அவர் பரப்பிய மூன்றும் பழுப்பேறிப்போன பழசு. மானம் போகுமே! வீட்டு அலமாரியில் பளபளவென்று கிடந்த ஒன்றைக் கைப்பையில் போட்டு வந்திருந்தேன். அவர் காபி வாங்கப் போன நேரத்தில் முன்னால் எடுத்து வைத்தேன்.

ஸ்ட்ரவுட் நேரே அதைத்தான் எடுத்தார். கிளைட் காபியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“நூறு வருஷத்து நிறம் போச்சு. இரும்புல பொறிச்ச எழுத்து பாதி அழிஞ்சுபோச்சு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் போட்டிருக்கான், படுபாவி! துருவோட விட்டிருந்தா இதைப் பத்தியே நாலு பக்கம் எழுதியிருப்பேன்.”

“இவ்வளவு அழகா மின்னுது, இதுல என்ன குறை?” என்றேன்.

கிளைட் என் காலை மிதித்தார்.

“நான்தாங்க தேய்ச்சேன். விவரம் தெரியாத வயசு.”

பாவமன்னிப்புக் கேட்க வந்தவர் மாதிரி முகம்.

“கடிதத்துல இதைப் பத்தி மூச்சே விடலியே? மத்ததை என்ன பாடு படுத்தினீங்களோ! நம்பி எப்படிங்க எழுதறது?”

மற்ற மூன்றையும் தொடாமலே ஸ்ட்ரவுட் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இருங்க, அந்த ஆளை ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

“உட்காரு லோர்னா. நீ போய் அவரு உன்னைத் திட்டிட்டா, அப்புறம் அவரோட பத்தியை நான் எப்படிப் படிக்கிறது?”

“தேய்க்கக் கூடாதுன்னு முப்பது வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லலை?”

காபியை என் பக்கம் நகர்த்தினார்.

“எப்படிச் சொல்ல? முதல் கல்யாண நாள் பரிசுன்னு, ரெண்டு நாளா தேய்ச்சுக் கொப்பளிச்ச கையால இல்ல நீட்டினே!”